பாவாடை நாடாவும் உன் பரீட்சையும்

தங்கச்சி,

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். வீட்டைக் கூட்டி, துணி துவைத்துப் போட்டேன். துவைத்ததில் பாவாடை நாடா உருவிக்கொண்டு வந்துவிட்டது. முனையில் ஊக்கைக் குத்தி இடுப்பு மடிப்புக்குள் தள்ளிக்கொண்டே போனேன். பாதி வழியில் கை நின்றது. அழுகை வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. சோறு கொதிக்கிற சத்தம் கேட்டது, எழுந்து போய் அடுப்பைக் குறைத்தேன். இப்படித்தான் இருக்கிறேன்.

எனக்கு ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத வருகிற வரைக்கும் எழுதுகிறேன்.

எண்பதுகளில் ஒரு லீவு. பல்கலைக்கழகத்திலிருந்து லயத்து வீட்டுக்கு வந்த நீ, மூலையில் உட்கார்ந்தவள் எழவே இல்லை. வாத்தியார்கள் முன்னால் நின்று வாயால் சொல்லுகிற பரீட்சையாம். எல்லாம் தெரியும், ஆனால் ஆட்களைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொள்ள, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பியிருந்தாய். இரக்கப்பட்டு இன்னொரு தடவை வரச்சொன்னார்கள். அதிலும் பேசாவிட்டால் படிப்பு அவ்வளவுதான்.

அப்பா கோபப்படவில்லை. அதுதான் உனக்குப் பயம்.

"பேச்சு வரலேன்னா வுட்டுரு லா. கெர்லிங் ஊரு மாப்பிள்ள வூட்ல இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. பொண்டாட்டி பேசலேன்னா அவனுக்குச் சந்தோசந்தான்."

அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது. பிறகு பாகான் நக்கோடா ஓமார் பக்கம் பெண் எடுத்து, மீன் லோரி ஓட்டினான். எங்கே பார்த்தாலும் நிறுத்தி, வேண்டாம் என்றாலும் கெம்போங் மீன் நாலு கொடுப்பான். அது கிடக்கட்டும்.

"என்கிட்டச் சொல்லிப் பாரு" என்றேன்.

"உனக்கு என்னக்கா புரியும்?"

"புரிஞ்சா என்ன, புரியலேன்னா என்ன? மாட்டுக்கிட்டப் பேசுறவங்க இல்லையா?"

அப்போதுதான் சிரித்தாய். பிறகு சொன்னாய். "அப்பா இனிப்பு நீருக்கு ஊசி போடுறாருல்ல, அந்த இன்சுலின் ஒரு புரதம். நல்லா இருக்குறவங்களுக்கு உடம்புக்குள்ளயே ஊறும். கண்ணுக்குத் தெரியாத சின்ன அறையில செய்யுது. செஞ்ச எடத்துலயே கெடந்தா ஆவாது. ஒரு ஜவ்வத் தாண்டுனாத்தான் வெளிய போற பாதைக்கே போவ முடியும். ஜவ்வு சும்மா வுடாது. அதுல ஒரு குறுகலான வழி இருக்கு."

கேட்டுக்கொண்டே நாடா கோத்துக்கொண்டிருந்தேன். நூல் பிரியாமல் இருக்கட்டும் என்று முனையில் முடிச்சுப் போட்டு அதன்மேல் ஊக்கைக் குத்தியிருந்தேன். தையல் ஓரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நான் திட்டத் திட்ட, நீ பாவாடையைப் பிடுங்கிக்கொண்டாய்.

"இதான்க்கா. இதேதான். புரதமும் சுருண்டு முடிச்சு வுழுந்துட்டா உள்ள போவாது. நூலு மாதிரி நீட்டிக்கிட்டுத்தான் போவணும். அதோட தலமாட்டுல ஊக்கு மாதிரி ஒரு துண்டு இருக்கு. அதுதான் வழியக் கண்டுபிடிக்கும். தலப்பு அந்தப் பக்கம் போனதும் அந்தத் துண்ட வெட்டி எடுத்துரும். அப்புறந்தான் சுருண்டு மடிஞ்சு, வேல செய்யுற உருவத்துக்கு வரும்."

பரீட்சைக்குப் பாவாடையை எடுத்துப்போகிறேன் என்று நீ சொன்னதும் அப்பாவுக்கு முகம் மாறியது.

"ஆம்பள வாத்தியாருங்க முன்னால உள்பாவாடைய விரிக்கப் போறியா?"

"துவைச்சதுதாம்ப்பா."

"துவைச்சா மட்டும் நாட்டுக் கொடியாயிருமா?"

யாரும் கட்டாத பாவாடை என்றால் குற்றமில்லையே என்று எனக்குப் பட்டது. பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் பாய் துணிக்கடைக்குப் போய் பச்சைத் துணி கேட்டேன். "விசேசமாம்மா?" என்றார். "பரீட்சைக்கு, பாய்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்காமல் கிழித்துக் கொடுத்தார். அன்று பொழுது சாய்வதற்குள் தைத்து முடித்தேன். அப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கட்டாம வச்சிருந்தா சரி" என்றார்.

பரீட்சையில் நடந்ததை நீதான் பிறகு சொன்னாய். மறுபடியும் தொண்டை அடைத்தது. பையிலிருந்து பாவாடையை எடுத்தாய். சிரித்தார்கள். ஒரு மலாய்க்கார வாத்தியாரம்மா மட்டும் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நாடாவைத் தள்ளத் தள்ள உனக்குப் பேச்சு வந்தது. கடைசியில் அந்த அம்மா கேட்டாராம், "இந்த வழியை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?" என்று.

"இன்னும் இல்ல. ஆனா நாடா அந்தப் பக்கம் வந்துருக்கே. வழி இல்லாம எப்படி வரும்?" என்றாயாம்.

பத்தாங் பெர்ஜுந்தாய் பஸ் நிலையத்தில் நானும் அப்பாவும் காத்திருந்தோம். நீ இறங்கி வந்து என் கையைப் பிடித்தாய். தொண்டை கம்மிப்போயிருந்தது. "பேசிட்டேன்க்கா."

அப்பா உன் பையை வாங்கிக்கொண்டார். "பேசிட்டியா? சரி, வூடு போற வரைக்கும் கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வா." மறுநாளே கெர்லிங்குக்கு ஆள் அனுப்பி, வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நீ பேசாத நாள் இல்லை. பாடம் சொல்லியே பிழைத்தாய். உன் காரியத்தன்று மண்டபத்தில் உன்னிடம் படித்தவர்கள் நிறையப் பேர். ஒருவர் மாற்றி ஒருவர் உன்னைப் பற்றிப் பேசினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். "அக்கா, நீங்க ரெண்டு வார்த்த சொல்லுங்க."

எழுந்து நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள். பேச்சு வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பாவம், துக்கம் என்று நினைத்திருப்பார்கள். துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் இல்லை. அந்த பஸ் நிலையத்தில் கம்மிய குரலில் நீ சொன்ன ஒரு வார்த்தை இருந்தது. அதை மைக்கில் சொல்லிவிட மனம் வரவில்லை. அது என்னோடேயே இருக்கட்டும்.

அக்கா