மேக்கணக்கைக் காணோம்

4/7, வெள்ளி

காலையிலிருந்து தூறல். லினக்ஸ் புது வெர்ஷன் டவுன்லோட் முடிந்தது!!! லயத்து வீடுகளில் சிக்னலே இல்லை, காலையில் வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக் களத்து மூலையில்தான். குடையோடு நின்றதைப் பார்த்துக் கங்காணி மாமா: "என்னா புள்ள, நீயும் பெரட்டுக்கு வந்துட்டியா? பேரு போடவா?" வேலைக்கு நின்ற பொம்பளையாட்கள் எல்லாரும் சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

லேப்டாப் ஒன்று, ஆள் இரண்டு. ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர். அக்காவுக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ். தேயிலைத் தோட்டத்தை மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு என்று பிரித்த மாதிரியே அக்கா பெயர் வைத்தாள். "மேக்கணக்கு என்னோடது, கீக்கணக்கு ஒன்னோடது. எல்லை தாண்டி வந்த, கைய ஒடிச்சிருவேன்."

மேக்கணக்கில்: வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற புள்ளக் காம்பராவில் சின்னதுகளுக்கு அக்கா பாடம் நடத்திய வீடியோ எல்லாம். டீச்சர் டிப்ளோமாவுக்கு. திங்கள் ஹட்டனில் கொடுக்கணும். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கணும்.
கீக்கணக்கில்: என் கேம், 'அட்டைக்கடி'. கூடை நிறையக் கொழுந்து எடுக்கணும், அட்டை காலில் ஏறுவதற்குள் உப்புப் போடணும், ஏறினால் அவுட். வீடியோ பார்த்துப் பார்த்து நானே செய்தது. பென்டிரைவில் காப்பி எடுத்தாச்சு.

5/7, சனி

பனிமூட்டம், எதிர் லயம் தெரியவில்லை. அம்மா கொழுந்து எடுக்க மலைக்கு, அக்கா காம்பராவுக்கு. நான் இன்ஸ்டாலுக்கு!

கீக்கணக்கை முழுக்கத் துடைக்கவா என்று கேட்டது. துடை!

ரீஸ்டார்ட். கறுப்புத் திரை. ஒரே ஒரு பெயர். என்னுடையது.

மேக்கணக்கைக் காணோம்.

ஆஃப். ஆன். காணோம். மறுபடி ஆஃப். ஆன்.

அக்கா ஈரக் குடையோடு உள்ளே வந்தாள். "என்னடி மூஞ்சி இப்புடி இருக்கு?"
"ஒன்னுமில்லக்கா. அப்டேட் ஓடுது."
"எங் கணக்குல கைய வச்சியா?"
"இல்லக்கா!"
"வச்சிருந்தன்னா, திங்கக்கெழம நீயே ஹட்டன்ல போயி சின்னப் புள்ள மாதிரி ஆடிக் காட்டு."



6/7, ஞாயிறு

மழை. பெரட்டுக் களத்தில் நானும் ஒரு நாயும். போனில் தேடினேன். என்னை மாதிரியே ஒருத்தன் அழுதிருக்கிறான், கீழே பதில்: புது வெர்ஷன் பக்கத்தில் இன்னொரு சிஸ்டம் இருக்கிறதா என்று தானாகத் தேடாது. செட்டிங்ஸில் ஒரு வரியை மாற்றினால் தேடும்.

அழியவில்லை! எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்!

தேயிலைக்குள் குறுக்கில் ஓடினேன். வழுக்கி விழுந்து கவுன் பூரா சேறு. வரியை மாற்றினேன். ரீஸ்டார்ட். இரண்டு பெயர்!!! அழுகை வந்துவிட்டது. வீடியோ எல்லாம் அப்படியே இருக்கிறது.

அந்தச் சந்தோஷத்தில் என் பென்டிரைவைப் போட்டேன். 'அட்டைக்கடி'. கிளிக். திறக்கவில்லை. மறுபடி கிளிக். சைஸைப் பார்த்தேன். ஒரு எஸ்எம்எஸ் அளவுகூட இல்லை.

கேம் இல்லை. ஷார்ட்கட். திரையில் இருந்த சின்னப் படத்தை மட்டும் இழுத்துப் போட்டிருக்கிறேன். குறுக்குப் பாதை பத்திரமாக இருக்கிறது. அது போய்ச் சேர்கிற இடத்தை நானே துடைத்துவிட்டேன்.

நானே. துடை என்று.

அம்மா: "கவுன ஊற வையி புள்ள, கறை புடிச்சிரும்."

7/7, திங்கள்

வெயில். இத்தனை நாள் எங்கே இருந்ததோ.

பஸ்ஸுக்கு முன்னால் அக்காவின் வீடியோக்களைப் பென்டிரைவில் போட்டேன். ஷார்ட்கட் இல்லை, நிஜம்தான், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கடைசி வீடியோ. காம்பராவில் சின்னதுகள் எல்லாம் லேப்டாப்பைச் சுற்றி. திரையில் அட்டைக்கடி.

என் அட்டைக்கடி!!! கொழுந்து, கூடை, நான் வரைந்த கோணல் அட்டை. சின்னதுகள் கத்துதுகள்: "டீச்சர், அட்ட! உப்பப் போடுங்க, உப்பப் போடுங்க!" அக்கா குரல்: "எத்தன அட்ட? எண்ணிச் சொல்லுங்க பாப்போம். இது எந் தங்கச்சி செஞ்சது."

கீக்கணக்குக்குள் வந்திருக்கிறாள். எல்லை தாண்டியது யாராம்!

அக்கா செருப்பு மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அதப் பாத்துட்டியா? சொன்னா தலையில ஏறி ஒக்காந்துக்குவன்னுதான் சொல்லல. கேம் பத்தரமா இருக்குல்ல?"

"இருக்குக்கா."

பொய் இல்லை, அந்த வீடியோவுக்குள் இருக்கிறது. பென்டிரைவை அவள் கையில் கொடுத்தேன்.