பாதியாகக் கழித்துக் கேட்கும் ஊர்

யூலை 4
காலையில் மீனம்மாவின் இடியப்பம் நாற்பது தின்றேன். சரி, பதின்மூன்று. அந்தச் சொதிக்கு இலங்கைத் தீவையே எழுதிக் கொடுக்கலாம். இடியப்பம் விற்றுத்தான் மனுசி, இரண்டு சிறுநீரகமும் பழுதான புருசன் செல்வராசாவை இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குக் கூட்டிப்போகிறா. இன்று சுகாதாரப் பரிசோதகர் வந்து அவவின் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளிப் போனார். சோதிப்பதற்காம்.

யூலை 7
போத்தலுக்குக் கால் முளைத்துவிட்டது.

வாய்க்கால் துப்புரவாக்கும்போது அயல்வீட்டு நாகேஸ்வரி சொன்னா: "அந்த மலைநாட்டுச் சனம் வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கியைக் கிணத்துக்கட்டில வைச்செல்லோ கழுவிறவை." கண்டாவோ? இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்களுக்கு அந்தக் கதை இனிக்கிறது. மலைநாட்டிலிருந்து வந்த மீனம்மாவின் சொந்தச் சனமோ, யாரோ சூனியம் வைத்துச் செப்புத்தகடு எழுதிக் கிணற்றில் போட்டுவிட்டார்கள் என்கிறது. பொடியளின் போனில் ஒரு குரல்பதிவு: கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பத்துப்பேர் விழுந்தார்களாம். எந்த ஊரென்று இல்லை.

ஒவ்வொரு வீட்டுக்கும் அளவெடுத்துத் தைத்த கதை. முடிவு மட்டும் ஒன்று – மீனம்மாவிடம் வாங்கித் தின்னாதே.

யூலை 11
இடியப்பம் முழுதும் மிச்சம். மாட்டுக்குப் போட்டிருக்கிறா.

யூலை 15
"பழுதில்லை, குடிக்கலாம்" என்று பரிசோதகர் என் முன்னாலேயே மீனம்மாவிடம் சொன்னார். அந்த வசனத்தை அப்படியே ஊருக்குக் கொண்டுபோயிருக்கலாம். நானோ கூட்டுறவுச் சங்கக்கடைப் படியில் ஏறி நின்று முழங்கினேன்: "அமிர்தமடா! கொழும்பில இருந்து லொறி வந்து போத்தலில அடைச்சுக் கொண்டுபோகப் போறாங்கள்! நான் ஒரு அண்டா குடிச்சனான்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

யூலை 19
மருமகள் சாரங்கா வந்து சொன்னாள்: "மாமா, நீங்கள் நூறு எண்டால் சனம் அம்பது எண்டுதானே எடுக்கும். அமிர்தம் எண்டனீங்கள். அப்ப அரைவாசி நஞ்சாம். மற்றது, அந்த லொறி..."

லொறியை மட்டும் பொடியள் முழுதாக நம்பிவிட்டார்கள். மீனம்மா கம்பனிக்குக் காணி விற்கப்போகிறாவாம். சோதனையே அதற்குத்தானாம். ஊர்த் தண்ணீரையெல்லாம் உறிஞ்சப் போகிறார்களாம். அவவின் வேலியைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள்.

யூலை 20
போய் மன்னிப்புக் கேட்டேன். செல்வராசா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மீனம்மா சத்தம் போடவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் பேசினீங்க அண்ணே. இனிமே எங்களுக்காக ஒண்ணும் பேசாதீங்க."

ஏன்ரா எனக்கு இந்த வாய்? சொன்னதைச் சொன்னபடி சொல்ல ஏலாதோ?

யூலை 28
வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: "தண்ணி நல்லது." அவ்வளவுதான். கூட ஒரு சொல் இல்லை.

கடைசி வீட்டு வீரகத்தி என்னை மேலும் கீழும் பார்த்தான். "என்ன மாமா, பகிடி விடாமல் கதைக்கிறியள்? அப்ப உள்ளுக்கை பெரிசா என்னவோ இருக்கு."

ஓகஸ்ட் 6
மீனம்மா குடும்பம் நெளுக்குளத்துக்குப் போய்விட்டது, அவவின் தமக்கை வீட்டுக்கு. அங்கே ஏற்கெனவே ஆறு பேராம். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் செல்வராசாவை மெத்தையோடு ஏற்றினார்கள். உதவிக்கு வந்தது நானும் சாரங்காவும்தான்.

செப்டெம்பர் 2
என்ன வெயில்! ஊர்க் கிணறுகள் எல்லாம் வற்றிவிட்டன. மீனம்மாவின் கிணற்றில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. காலையிலிருந்து வரிசை.

நாகேஸ்வரி முதல் வாளியில் ஒரு கை அள்ளிக் குடித்தா. "பாத்தியளே, அந்தச் சனம் போனாப்பிறகு தண்ணி தெளிஞ்சிட்டுது."

ஓம் ஓம் என்றார்கள் எல்லாரும்.

எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள். வாளியோடு நின்றேன்.