கால் பங்கு சோயா

அன்பு மகளே,

நீ மீன் தீவனத்தில் கால் பங்கு சோயா கலந்து ஆரம்பிக்கச் சொன்னாய். நான்தான் மீன்தூளை நிறுத்திவிட்டு, ஒரே நாளில் முழுக்கச் சோயாத் தீவனத்துக்கு மாறினேன். மூன்றாம் தொட்டியில் நாற்பது மீன்கள் செத்துப்போயின. மீன் டாக்டர் அதில் ஒன்றை அறுத்து, வீங்கிச் சிவந்திருந்த குடலைக் காட்டினார். “அவசரப்பட்டுட்டீங்க. வயிறு பழக நாளாகும்” என்றார்.

இப்போது மீன்தூளோடு சோயாவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கலக்கிறேன். மிச்ச மீன்கள் நன்றாகத் தின்கின்றன.

மாப்பிள்ளை முதல்முறை வந்தபோது, “மீனே தொடாதவனுக்கு மீன்பண்ணை வீட்டுல என்ன வேலை?” என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். அதிலிருந்து உன் அம்மா நான் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வா. இந்தத் தடவை காபி மட்டும் போதும். எனக்கும் பழக நாளாகும்.

உன் அப்பா