இருபத்து மூன்றாவது ஆள்

மார்ச் 28, 1993

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

ஆறு வருஷமாக இந்த லீவு, அந்த லீவு என்று இழுத்தடித்தவள் ஒருவழியாக வருகிறாய். பாப்பாவை உன் அக்கா வீட்டில் விட்டு வருவதும் சரிதான். ஊர் பிடித்தால் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஜூனில் பாப்பாவோடு இங்கேயே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை நாலு தரம் படித்தேன். ராஜினாமாக் கடிதத்தைக் கையோடு எழுதி எடுத்து வா. கோட்டை, மணிக்கூண்டு, எட்டு வளைவுப் பாலம், கடைசியில் மீனிலிருந்து முலாம்பழம்வரை விற்கிற பெரிய சந்தை, எல்லாம் பார்த்துவிட்டு இங்கிருந்தே தபாலில் போடலாம். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஊரைக் காட்டுகிற கைடு, பெண்டாட்டிக்குக் காட்ட மாட்டேனா?

உன் ஊர்சுற்றி

ஏப்ரல் 19, 1993

அன்புள்ள உங்களுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். "அப்பா என்ன சொன்னாரு?" என்றாள் பாப்பா. கோட்டை ரொம்பப் பெரிசு என்று சொல்லிவைத்தேன்.

நேரில் சண்டை போட எனக்கு வாய் வராது, எழுதுகிறேன். ஒருநாள் லீவு போடுவீர்கள் என்று நினைத்தேன். "குரூப்போடயே வா, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றீர்கள். இருபத்திரண்டு பேர் சட்டையிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினீர்கள். நானும் கையை நீட்டினேன். "நீ என்ன டூரிஸ்டா? நம்ம வீட்டு ஆளு" என்றீர்கள். மணிக்கூண்டின் அத்தனை படிகளையும் அந்தப் பெருமையிலேயே ஏறினேன்.

சந்தையில் பாப்பாவுக்கு அத்திப்பழம் வாங்க நின்றேன். நீங்கள் குடையைத் தூக்கிப் பிடித்து, ஸ்டிக்கர்களை எண்ணி, "இருபத்திரெண்டு, சரி, கிளம்பலாம்" என்றது காதில் விழுந்தது. சில்லறையை வாங்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் பஸ் போய்விட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி மூன்று மணி நேரம் மீன்கடை வாசலில் நின்றேன். திரும்பி வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "எங்க போய்த் தொலஞ்ச?"

உங்கள் வீட்டு ஆள்

ஏப்ரல் 27, 1993

டீச்சரம்மா,

இதற்கா இத்தனை கோபம்? தொழில் பழக்கம் அது. காசு கட்டி வந்தவன் தொலைந்தால் முதலாளி என் சீட்டைக் கிழித்துவிடுவான். தன் வீட்டு ஆளை யாராவது எண்ணுவார்களா? நீ எங்கே போய்விடுவாய் என்கிற தைரியம்தான். பஸ்ஸில் பின்னால் எங்காவது உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தேன். ஜூனில் வா, முதல் ஸ்டிக்கர் உனக்குத்தான். ராஜினாமாவைக் கொடுத்தாயா இல்லையா என்று எழுதவில்லையே?

உன் ஊர்சுற்றி

மே 4, 1993

உங்களுக்கு,

சப்பைக்கட்டு போதும். எனக்கும் எண்ணுகிற வேலைதான். வருஷா வருஷம் அறுபது பிள்ளைகளைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போகிறேன். பஸ் கிளம்புமுன் பாப்பா தலையில் கை வைத்துத்தான் "ஒண்ணு" என்று ஆரம்பிப்பேன்.

உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. மறுநாள் நீங்கள் வேலைக்குப் போனபின், நானே டிக்கெட் வாங்கி வேறொரு குரூப்போடு அதே ஊரைப் பார்த்தேன். பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பாலத்தில் செருப்பு வார் அறுந்து பின்தங்கிவிட்டேன். அந்த கைடு முன்பின் தெரியாத மனுஷர். எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு அம்மா குறையறாங்க, இருங்க" என்று முப்பது பேரை வெயிலில் நிறுத்தி வைத்தார். அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நாலு நாள் உங்கள் அறையில் இருந்தேன். பாப்பா என்ன வகுப்பு படிக்கிறாள் என்று ஒருதரம்கூட நீங்கள் கேட்கவில்லை.

இரண்டாம் வகுப்பு. அப்பா ஊர் எப்படி என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சுற்றிப் பார்க்க நல்ல ஊர் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
டீச்சர்