லண்டன் ரெக்கார்டுக்கு ஒரு காலிப் பெட்டி

ஜோகுபாளையம், பெங்களூரு
14 ஜூன் 2025

அன்புள்ள டோரீன் ஆன்ட்டிக்கு,

வணக்கம். என் பெயர் நிருபமா, ஒன்பதாம் வகுப்பு. உங்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் நீங்கள் பேஸ் கிட்டார் வாசித்ததை நான் இருநூறு தடவையாவது கேட்டிருப்பேன். முகவரி கொடுத்தவர் ஆஸ்டின் டவுன் நோயல் அங்கிள். உங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் இப்போது ஹெல்மெட் விற்கிறார் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. நீங்கள் போன் எடுக்க மாட்டீர்கள், கடிதம் போட்டால் கட்டாயம் பதில் வரும் என்றார்.

ஜூலை 12 எங்கள் பள்ளிக் கண்காட்சி. ராக் இசைக்காரர்களில் யார் யாரிடமிருந்து கற்றார்கள் என்று சார்ட் பேப்பரில் ஒரு வம்ச மரம் வரைகிறேன். நடுவில் உங்கள் அண்ணன் டிரேவர். உங்கள் 'டபுள் ரோட் பாய்ஸ்' குழுவின் 1987 கேசட்டில் அவருடைய கிட்டார் இழுத்து ஒலிக்காமல், யாரோ கதவைத் தட்டுவதுபோல் நின்று நின்று வருகிறதே, அதை இன்று எத்தனை பேர் வாசிக்கிறார்கள் தெரியுமா? கொச்சி, ஷில்லாங், சென்னை எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவருக்குக் கீழே பத்தொன்பது பெட்டிகள் வந்துவிட்டன. மேலே ஒரே ஒரு பெட்டி. அது காலி.

ஒரு பழைய பேட்டியில், "லண்டன் ரெக்கார்டு ஒன்றில் கேட்டுப் பிடித்தேன்" என்கிறார். எந்த ரெக்கார்டு? நாற்பத்தொரு ஆல்பங்கள் கேட்டுவிட்டேன். எதிலும் இல்லை. அம்மா என் இயர்போனை ஒளித்துவைத்துவிட்டார். டிரேவர் அங்கிள் இறந்து இரண்டு வருடமாகிறது, இனி அவரைக் கேட்கவும் முடியாது. உங்களுக்குத் தெரிந்திருக்குமே, ஆன்ட்டி?

ஆவலுடன்,
நிருபமா


மாரிக்குப்பம், கே.ஜி.எஃப்.
21 ஜூன் 2025

அன்பு நிருபமா,

உன் தமிழ் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. சந்தோஷம். நோயல் ஹெல்மெட் விற்பதில் ஆச்சரியமில்லை. அவன் டிரம்ஸ் அடித்த காலத்திலேயே எங்களுக்கு அது தேவைப்பட்டது.

தேடுவதை நிறுத்திவிடு, குழந்தை. அப்படி ஒரு ரெக்கார்டு கிடையாது.

ஆஸ்டின் டவுனில் நாங்கள் பயிற்சி செய்த ஹாலுக்கும் சர்ச்சுக்கும் நடுவே ஒரே சுவர். சாயங்காலப் பூசை நேரத்தில் சத்தம் கேட்டால் சாவியை வாங்கிவிடுவேன் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் பையன்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். டீக்கடையில் பெண்பிள்ளை போய் நிற்க முடியாது. நான் ஹாலிலேயே இருப்பேன். ஒருநாள் சும்மா இருக்கப் பிடிக்காமல், பூசைக்குத் தலையில் போடும் முக்காட்டை மடித்து, கிட்டாரின் அடியில் கம்பிகளுக்குக் கீழே திணித்தேன். சத்தம் சுவர் தாண்டவில்லை. ஆனால் புதிதாக ஒன்று வந்தது, நீ எழுதிய அந்தக் கதவு தட்டும் சத்தம். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் வாசித்தேன்.

டிரேவர் வாசலில் நின்று கேட்டிருக்கிறான். மறுவாரம் அம்மாவின் முக்காட்டை வெட்டித் தன் கிட்டாரில் வைத்தான். அம்மாவிடம் அடி வாங்கியது நான்.

பிறகு அந்தப் பேட்டி வந்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "பூசைத் துணின்னு சொன்னா எவன் மதிப்பான் டோரீன்? லண்டன்னாதான் காது குடுத்துக் கேப்பான்" என்றான். அந்த வருடமே எனக்குக் கல்யாணம். அப்புறம் கிட்டாரைத் தொடவில்லை.

இது உனக்கு மட்டும். எழுதாதே. நல்ல அண்ணன். போனவனை இனிமேல் பொய்யன் ஆக்க வேண்டாம்.

அன்புடன்,
டோரீன்


ஜோகுபாளையம்
26 ஜூன் 2025

அன்புள்ள டோரீன் ஆன்ட்டிக்கு,

உங்கள் கடிதத்தை மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்து எதற்கென்று தெரியாமல் மேலேயும் கீழேயும் இரண்டு தடவை ஓடினேன். நாற்பத்தொரு ஆல்பங்களில் நான் தேடியது எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் நடந்திருக்கிறது!

யாரிடமும் சொல்லவில்லை. ஆஞ்சலாவிடம்கூட. அவள் என் வகுப்பு, பள்ளிக் குழுவில் பேஸ் வாசிக்கிறாள், கம்பிக்குக் கீழே ஒரு பழைய சாக்ஸ் வைத்திருக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். ஷில்லாங் அக்கா ஒருவரின் வீடியோவாம். அந்த அக்காவுக்குச் சென்னையில் ஒருவர், அவருக்கு உங்கள் கேசட். பெண்கள் பேஸ் வாசித்து யாரும் பெரிய ஆளாகவில்லை என்று அவள் அப்பா சொல்கிறாராம். நான் பதில் தெரிந்தும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். மிகவும் கஷ்டமாக இருந்தது, ஆன்ட்டி.

ஆராவமுதன் சார் எட்டாம் தேதிக்குள் சார்ட்டை முடிக்கச் சொல்லிவிட்டார். காலிப் பெட்டியில் 'பெயர் தெரியாத லண்டன் குழு' என்று எழுதினால் போதும் என்கிறார். அது பொய் என்று தெரிந்த பிறகு எப்படி எழுதுவேன்? நீங்கள் வேண்டாம் என்றதால் உண்மையையும் எழுத மாட்டேன். காலியாகவே வைப்பேன், மதிப்பெண் போனால் போகட்டும்.

ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த மரத்தில் இருக்கும் பெரிய பெரிய ஆட்கள் எல்லோருக்கும் மேலே யாராவது இருக்கிறார்கள். அதனால் ஒருவர்கூடச் சின்னவர் ஆகவில்லை. டிரேவர் அங்கிள் மட்டும் எப்படி ஆவார்? வாசலில் நின்று கேட்டு, இது புதிது என்று முதலில் கண்டுகொண்டவர் அவர்தானே?

காத்திருக்கும்,
நிருபமா


மாரிக்குப்பம்
3 ஜூலை 2025

அன்பு நிருபமா,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. எனக்குக் கோபம்தான். பிறகு யாரிடம் கோபம் என்று யோசித்துப் பார்த்தேன். அண்ணன் லண்டன் என்று சொன்னது ஒரே ஒரு பேட்டியில். இத்தனை வருடமாக யார் கேட்டாலும் லண்டன், லண்டன் என்று சொல்லிக்கொண்டிருந்தது நான். நான் செய்ததென்று சொன்னால் யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயம்.

எழுது. என் பெயரைப் போடு. துணியையும் போடு. அண்ணனைப் பற்றி நீ கடைசியில் எழுதியதையும் ஒரு வார்த்தை மாற்றாமல் போடு. அந்தப் பெண்ணிடம் இன்றைக்கே சொல்லிவிடு, அவள் அப்பாவிடமும் சொல்லச் சொல். பன்னிரண்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். கிட்டாரை ஐந்து நிமிடம் என் கையில் கொடுப்பாளா என்று கேட்டு வை. விரல் இப்போது என்ன செய்யுமோ தெரியாது.

இன்னொன்று. என் பெட்டியோடு மரத்தை முடித்துவிடாதே. அந்த ஒரு மாதமும் நான் சும்மா வாசிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டோரதி என்று ஒருத்தி பூசைக்குக் காலால் மிதிக்கும் ஹார்மோனியம் வாசிப்பாள். இடது கையால் அவள் வைக்கும் தாளத்தைத்தான் இந்தப் பக்கம் உட்கார்ந்து பின்தொடர்ந்தேன். அவளுக்கு இது கடைசிவரை தெரியாது. எனக்கு மேலே அவளைப் போடு. அவளுக்கு மேலே யார் என்று நோயலைக் கேள், அவள் அவனுடைய அத்தை.

சார்ட் பேப்பர் போதாது. இன்னொன்று வாங்கி ஒட்டிக்கொள்.

டோரீன்