மனுவில் ஒரு சொல்

ஞாயிறு, இரவு.

இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர்களுக்குக் குடியுரிமை கேட்டு, எங்கள் திருச்சபையில் ஒரு மனு. எழுதியது நான்தான். 'நம் நடுவே வாழும் பரதேசிகள்' என்று வேதாகமச் சொல்லையே போட்டிருந்தேன். போதகர் முதல் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், யாருக்கும் உறுத்தவில்லை.

என்னோடு பீங்கான் பொம்மைக்கு வர்ணம் அடிக்கும் வசந்தி, முகாமில் பிறந்தவள். படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினாள்.

"வேதத்துல இருக்கட்டுங்கக்கா. எம் பொண்ண ஸ்கூலுல இப்படித்தான் திட்டுறாங்க."

உடனே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். "வேற என்ன போடட்டும்?"

"ஊர்க்காரங்கன்னு போடுங்க."

போட்டேன். 'எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குடியுரிமை தாருங்கள்.' இப்போது வாசித்தால் வெட்கமாக இருக்கிறது, இதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டுமா என்று. மாற்றப் போவதில்லை. எல்லோரிடமும் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். போதகரிடம்தான் முதலில்.