பசுவுக்கு ஸ்கேன், எனக்குச் சீரகத் தண்ணீர்

மணிமொழி அப்பாவுக்கு,

நான் தஞ்சாவூருக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறேன். சோறும் மொச்சைக் குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். குடத்துத் தண்ணீரைத் தேடாதீர்கள், நானே குடித்துவிட்டேன். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாகத் தெரியுமாம்.

பசு சினையா என்று பார்க்க டெம்போ பிடித்து ஒரத்தநாடு மாட்டு ஆஸ்பத்திரி வரை போனீர்களே, அதே மாதிரி மெஷின்தான். நாலு மாதமாக எனக்கு அடிவயிறு வலிக்கிறது. "சீரகத் தண்ணி குடி, சரியாயிடும்" என்றீர்கள்.

பதினொரு மணிக்கு வரப்பை அளக்க சர்வேயர் வருவார். உங்கள் தம்பி அரை அடி வெட்டிக்கொண்டதை ஊருக்கே கேட்கும்படி கத்துங்கள். அதற்கு மட்டும் உங்களுக்குத் தொண்டை திறக்கும்.

தவிட்டுத் தண்ணீர் கரைத்திருக்கிறேன். அது உங்களுக்கில்லை, பசுவுக்கு.

அம்சம்

பி.கு.: டீக்கடையில் ஸ்கேனைப் பற்றி நீங்கள் நடத்திய பாடம் தெரு முழுக்கக் கேட்டது. "காதுக்குக் கேக்காத சத்தத்த உள்ள அனுப்புவாங்க. எதுலயாவது பட்டுத் திரும்பி வந்தாத்தான் உள்ள என்னமோ இருக்குன்னு அர்த்தம்." நான் காதுக்குக் கேட்கும்படியே நாலு மாதம் சொன்னேன். உங்களிடமிருந்து ஒன்றும் திரும்பி வரவில்லை. அப்படியென்றால் உள்ளே ஒன்றுமே இல்லையா?